எல்லாக் கதையிலும் ஏன் பெருமூச்சு?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, என் கதைகளில் எனக்கே தெரியாமல் சில சங்கதிகள் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்று சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் எழுதிவிட்டார்கள். பெரும்பாலோர் தாங்களும் எழுதுகிறவர்கள். சமையல் குறிப்பு கேட்டவர்கள் மன்னிக்கவும், இந்த முறை இது மட்டும்தான்.

அம்மா, என் கதைகளைத் தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். “உன் கதையில் எல்லாரும் பெருமூச்சு விடுகிறார்கள். ஆஸ்துமா வார்டு மாதிரி இருக்கிறது” என்கிறாள். திரும்பப் படித்தால் உண்மைதான். எப்படி நிறுத்துவது?
*— கல்லூரி மாணவி, நாகர்கோவில்*

முதலில் அந்தத் தோழியை விட்டுவிடாதீர்கள். இப்படிச் சொல்கிற ஆள் கிடைப்பது கஷ்டம்.

பெருமூச்சு எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். ஒருவர் பேசி முடித்திருப்பார். அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்பது உங்களுக்கே இன்னும் தெரிந்திருக்காது. யோசிக்க அவகாசம் வேண்டும், அதற்காக அவளை ஒரு மூச்சு விட வைத்துவிடுகிறீர்கள். முதல் பிரதியில் இருந்துவிட்டுப் போகட்டும், கை நிற்காமல் ஓட அது உதவும். இரண்டாவது பிரதியில் அங்கே உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவள் பதில் சொல்கிறாளா? சொல்லாமல் குக்கரை இறக்கப் போய்விடுகிறாளா? அது தெரிந்துவிட்டால் பெருமூச்சுக்கு அங்கே வேலை இருக்காது.

தலையசைத்தான், எச்சிலை விழுங்கினான், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், அங்கே சிறிது நேரம் மௌனம் நிலவியது. இவையும் அதே கூட்டம்தான். நம் எழுத்துக்கென்று தனியாகச் சிலது உண்டு: ‘சட்டென்று’, ‘மெல்ல’, ‘என்னவோ போலிருந்தது’, வாக்கியத்தின் கடைசியில் மூன்று புள்ளி. எனக்கு எரிச்சல் வருவது ‘ஏனோ’ மீது. ‘அவளுக்கு ஏனோ அழுகை வந்தது.’ ஏன் என்பது எழுதுகிறவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

கணினியில் எழுதுகிறவர் என்றால் ஒரு யோசனை. ‘பெருமூச்சு’ என்று முழுச் சொல்லாகத் தேடினால் பாதிதான் அகப்படும். பெருமூச்சை, பெருமூச்சோடு, பெருமூச்செறிந்தாள் எல்லாம் தப்பித்துவிடும். ‘பெருமூ’ என்று மட்டும் போட்டுத் தேடுங்கள், மொத்தமும் வரும். ‘போலிருந்தது’, ‘போல இருந்தது’, ‘போல் இருந்தது’ என்று நாம் மூன்று விதமாகவும் எழுதுவோம், அதனால் மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

தேடலில் அகப்படாத ஒன்றும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஒரு பெண்ணைப் பற்றிய பத்தி எழுந்தாள், நடந்தாள், திறந்தாள், பார்த்தாள் என்று ‘ஆள், ஆள்’ என்றே முடிந்துகொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாது, வாய்விட்டுப் படித்தால்தான் காதில் இடிக்கும். இதிலிருந்து தப்பிக்கச் சிலர் எல்லாவற்றையும் ‘கொண்டிருந்தாள்’ ஆக்கிவிடுவார்கள். எழுந்துகொண்டிருந்தாள், நடந்துகொண்டிருந்தாள். அதற்குப் பழையதே மேல். ‘எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்’ என்று எச்சத்தில் கோத்தால் ஒரு ‘ஆள்’ குறையும். ‘வாசலில் தபால்காரர்’ என்று பெயரிலேயே நிறுத்தினால் இன்னொன்று குறையும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

உங்கள் பாத்திரங்களுக்குக் குரல் இருக்கிறது, முகம் இல்லை. கறுப்பா சிவப்பா, மூக்கு எப்படி, ஒரு வரி கிடையாது. இது கொள்கையா, சோம்பலா?
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்*

கொள்கை இல்லை ஐயா. வேலை பார்த்த இடத்துப் பழக்கம் என்றுதான் நினைக்கிறேன்.

மாயவரம் பக்கத்தில் ஒரு தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் போர்டில் ஆபரேட்டராக இருந்தேன். ஆபரேட்டர் இல்லாமல் நேராகவே வெளியூருக்குப் பேசுகிற எஸ்.டி.டி. எங்கள் பக்கம் வந்து பரவுவதற்கு முந்தைய காலம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். அவசரத்தைப் பொறுத்து அழைப்புகளில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தரம். குறிப்பிட்ட ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்றால் பி.பி. கால். இணைப்பு சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம் மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே புகுந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, தொடரணுமா?” என்று கேட்க வேண்டும். தினமும் நூற்றுக்கணக்கில் குரல்கள். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

சில வாரங்களிலேயே குரலை வைத்து ஆளைச் சொல்ல வந்துவிடும். ஜவுளிக்கடைக்காரர் ‘ஹலோ’வுக்கு முன்னாலேயே தொண்டையைச் செருமுவார். நெல் மண்டிக்காரர் விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார், ரகசியமாம், நடுவில் நாங்கள் இருப்பது மறந்துபோகும். மகள் பேசுகிறாளா மருமகள் பேசுகிறாளா என்பது எதிர்முனை ‘ம்’ கொட்டுகிற விதத்திலேயே தெரிந்துவிடும். இப்படிப் பழகிய ஆள் கதை எழுத உட்கார்ந்தால் முதலில் குரல்தான் வரும். முகத்தை வர்ணித்தால் பத்திரிகையில் படித்ததை எழுதின மாதிரி எனக்கே படுகிறது, அடித்துவிடுகிறேன்.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கலாம், கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். என் கதைகளில் யாரும் விஷயத்தை நேராகச் சொல்ல மாட்டார்கள். மழை பெய்ததா, கால்வலி தேவலையா, மாடு கன்று போட்டதா என்று சுற்றிவிட்டுக் கடைசியில்தான் வருவார்கள். டிரங்க் காலில் ஜனங்கள் அப்படித்தான் பேசினார்கள். காசு கட்டி மூன்று நிமிடம் வாங்கியிருப்பார்கள், இரண்டரை நிமிடம் சௌக்கியம் விசாரிப்பதிலேயே போய்விடும். நான் நடுவில் வந்து மூணு நிமிஷம் என்றதும், “வச்சிடாதீங்க, வச்சிடாதீங்க. அவளுக்கு இடம் தகைஞ்சிருக்கு” என்று விஷயம் வெளியே வந்து விழும். சாவுச் செய்தி மட்டும் விதிவிலக்கு. லைட்னிங் காலில் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். என் கதைகளில் யாராவது முதல் வாக்கியத்திலேயே நேராகப் பேசினால் கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். இதை நான் திட்டம் போட்டுச் செய்ததில்லை. தொகுப்புக்காகப் பழைய கதைகளைச் சேர்த்துப் படித்தபோது தெரிந்தது.

வேலை பார்த்த இடம் எழுத்தில் ஏறிக்கொள்வது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அகதா கிறிஸ்டி முதல் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுத்தவர். 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலிலேயே கொலை விஷத்தால்தான். கடைசிவரை அவருக்குத் துப்பாக்கியைவிட மருந்துப் புட்டிதான் கைக்கு வாகாக இருந்தது. எத்தனை மில்லி கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தவருக்கு அதுதானே வரும்?

அசோகமித்திரன், தி. ஜானகிராமன் எல்லாரும் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது குறையா இல்லையா?
*— வங்கி ஊழியர், திருப்பூர்*

அந்த நண்பர் சொல்வதில் பாதி சரி. அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து இருபது வயதுவாக்கில் சென்னைக்கு வந்தவர், ஜெமினி ஸ்டூடியோவில் பல வருடம் வேலை பார்த்தவர். அந்த இரண்டு இடங்களும் அவரை விடவே இல்லை. ‘18வது அட்சக்கோடு’ செகந்திராபாத். ‘கரைந்த நிழல்கள்’ சினிமா உலகம், ‘புலிக்கலைஞன்’ சிறுகதையும் அதேதான். தி.ஜா.வை எடுத்தால் காவேரிக்கரை, சங்கீதம், ஆண்களைத் திக்குமுக்காட வைக்கிற ஒரு பெண். மௌனி எழுதியதே இருபத்துச் சொச்சம் கதைகள். அதற்குள் எத்தனை முறை கோயில் இருட்டும் கைகூடாத காதலும் சாவும்!

ஆனால் ‘கரைந்த நிழல்க’ளையும் ‘புலிக்கலைஞ’னையும் ஒரே நாளில் படித்துப் பாருங்கள். ஒன்று ஒரு படக்கம்பெனி சரிகிற கதை, பல பேர் வருகிறார்கள், யாரும் நாயகன் இல்லை. மற்றதில் வேலை கேட்டு வந்த ஒருவன் ஆபீஸ் அறைக்குள்ளேயே புலியாக மாறிக் காட்டுகிறான், அவ்வளவுதான். ஒரே ஸ்டூடியோ, ஆனால் இரண்டாவது தடவை அவர் வேறு ஜன்னலருகில் நின்றிருக்கிறார்.

புதுமைப்பித்தன் அகலிகையிடம் இரண்டு தடவை போனார். முதலில் ‘அகல்யை’. பல வருடம் கழித்து 1943இல் ‘சாப விமோசனம்’. முதல் கதையில் கௌதமர் மனைவியைப் புரிந்துகொள்கிறார், விஷயம் அந்த இரண்டு பேருக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் அகலிகை மறுபடி கல்லாகிறாள். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அவளுக்குத் தாங்கவில்லை. முதல் கதையோடு திருப்தியடைந்து அவர் நிறுத்தியிருந்தால் நமக்கு இரண்டாவது கிடைத்திருக்காது. அதனால் ‘இதை ஏற்கெனவே எழுதிவிட்டேனே’ என்று தோன்றும்போது நான் உடனே நிறுத்துவதில்லை. போன தடவை எழுதினபோது எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன் என்று பார்க்கிறேன். அப்படி ஒன்றும் மிச்சமில்லை என்றால் மூடிவைத்துவிடுவேன். வாசகர் வட்டத்து நண்பரிடம் ‘சாப விமோசன’த்தைக் கொடுங்கள், சண்டை கொஞ்சம் குறையும்.

உங்கள் கதைகளில் ஆண்கள் யாராவது ஒருவர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்களே, சொந்த அனுபவமோ?
*— வாசகி, ஈரோடு*

என் அப்பா ஆறு மணி அடித்தால் வீட்டில் இருப்பார். கணவர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், இந்தக் கேள்வியைக் காட்டினேன், சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் போவது சகஜம். சிங்கப்பூர், மலேசியா, எழுபதுகளுக்கு அப்புறம் வளைகுடா. ஆனால் உண்மையான காரணம் வேறு என்று நினைக்கிறேன். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற வீட்டை எழுத எனக்கு வராது. யாராவது ஒருவர் இல்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு தடவை வீம்புக்கு, யாரும் எங்கும் போகாத கதை எழுதுவது என்று உட்கார்ந்தேன். அப்பா இருந்தார், பிள்ளை இருந்தான், மாப்பிள்ளைகூட லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாவது பக்கத்தில் பூனை காணாமல் போய்விட்டது. அதைத் தேடுவதுதான் கதையாக ஆயிற்று. நன்றாகவே வந்தது என்று எடிட்டர் சொன்னார்.

ஒரு எழுத்தாளர் வேறு பெயரில் எழுதினாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடுமாமே? எந்தப் பழக்கத்தை வைத்து?
*— மென்பொருள் துறை, சென்னை*

இதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், இருந்தாலும் தெரிந்ததைச் சொல்கிறேன். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787–88இல் புனைபெயரில் எழுதப்பட்ட 85 கட்டுரைகள் உண்டு. அவற்றில் 12 ஹாமில்டன் எழுதியதா மாடிசன் எழுதியதா என்று ரொம்ப நாள் தகராறு. மாஸ்டெல்லர், வாலஸ் என்று இரண்டு புள்ளியியலாளர்கள் 1964இல் வெளியிட்ட ஆய்வில், மாடிசன் பக்கம்தான் சான்று என்றார்கள். அவர்கள் பார்த்தது பெரிய பெரிய வார்த்தைகளை இல்லை. ‘அப்பான்’ (upon) என்ற ஆங்கிலச் சின்னச் சொல்லை ஹாமில்டன் தாராளமாகப் போடுவார், மாடிசன் அநேகமாகப் போடவே மாட்டார். இப்படிப்பட்ட உப்புக்குப் பெறாத சொற்களைத்தான் எண்ணினார்கள். 2013இல் ராபர்ட் கால்பிரைத் என்ற பெயரில் துப்பறியும் நாவல் எழுதியது ஜே.கே. ரௌலிங்தான் என்று வெளியே வந்தபோதும், அடிக்கடி வரும் சாதாரணச் சொற்கள், சொற்களின் நீளம், இவற்றையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்திருந்தார்கள்.

யோசித்தால் நியாயமாக இருக்கிறது. பெருமூச்சை நான் கவனித்து வெட்டிவிடலாம். ‘தான்’, ‘கூட’, ‘என்னவோ’ எல்லாம் எப்போது விழுகிறது என்று எனக்கே தெரியாது. இந்தப் பதிலிலேயே எத்தனை ‘தான்’ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்களேன்.

இதே வித்தையின் இன்னொரு உபயோகம் என்னைக் கொஞ்சம் கலக்கியது. ஐரிஸ் மர்டாக் என்ற நாவலாசிரியை 1995இல் தன் கடைசி நாவலை வெளியிட்டார், 1999இல் இறந்துபோனார். அவருக்கு அல்சைமர் நோய். 2005இல் வந்த ஓர் ஆய்வில் அவருடைய முதல் நாவல், நடுவயதில் எழுதியது, கடைசி நாவல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடைசி நாவலில் வாக்கிய அமைப்பு பெரிதாகக் கெடவில்லை. சொல்வளம் குறைந்திருந்தது, எளிய சொற்களே திரும்பத் திரும்ப வந்தன. நோய் என்று டாக்டர்கள் சொல்வதற்கு முன்னால் எழுதிய நாவல் அது. இதைப் படித்ததிலிருந்து புதுக் கதை எழுதி முடித்ததும், முன்பு எழுதிய ஏதாவது ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எழுபதைத் தாண்டியவளுக்கு, ஒரே சொல் திரும்ப வந்தால் அது பாணியா வேறெதாவதா என்று ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்? இதுவரை வித்தியாசம் தெரியவில்லை. தெரியாது என்பதும் அந்த நோயின் லட்சணம்தான் என்கிறார் கணவர். ஆறுதல் சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

என் கதைகள் எல்லாமே மழையில் முடிகின்றன. வேறு மாதிரி முடிக்க ஒரு வழி சொல்லுங்கள், மேடம்.
*— வாசகர், சேலம்*

தம்பி, கடைசிப் பத்தியை எடுத்துவிட்டுப் படியுங்கள். பெரும்பாலும் கதை அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும், மழை சும்மா கைதட்ட வந்திருக்கும். ரயில் ஊதுவது, நட்சத்திரத்தைப் பார்ப்பது, ‘அவன் நடக்கத் தொடங்கினான்’, எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். மழை பெய்தே ஆக வேண்டும் என்றால் கதையின் நடுவில் பெய்யட்டும். கொடியில் துணி காய்கிறது, யார் ஓடிப்போய் எடுப்பது என்று ஒரு சண்டையாவது கிடைக்கும்.

கதை எழுதும்போது பெயர் வைப்பதில் திணறுகிறேன். என் எல்லாக் கதையிலும் ஒரு கார்த்திக் இருக்கிறான். உங்களுக்கு இந்தப் பிரச்சினை உண்டா?
*— வாசகர், தஞ்சாவூர்*

உண்டாவது! எனக்குச் ‘ச’. சாரதா, சரோஜா, சாந்தா, சகுந்தலா. ஒரே கதையில் சாரதாவும் சாந்தாவும் நாத்தனார்களாக வந்து, பிழைதிருத்துபவர் யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்கள் என்று கேட்டுக் கடிதமே எழுதிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு கதைக்கும் ஒரு தாளில் பெயர்களை எழுதிவைக்கிறேன். முதல் எழுத்து மட்டும் வேறாக இருந்தால் போதாது, நீளமும் வேறாக இருக்க வேண்டும். ராஜா, ராணி என்றால் கண் நழுவும். ராஜா, தையல்நாயகி என்றால் நழுவாது.

அடுத்தது வயது. அறுபது வயதுக்காரருக்கு கார்த்திக் என்று வைத்தால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அந்தந்தத் தலைமுறைக்கு, அந்தந்தச் சாதிக்கு, ஊருக்கு, குலதெய்வத்துக்கு என்று பெயர் மாறும். வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்தில் தையல்நாயகிகள் நிறைய. நாகூர்ப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு நாகூர் என்றே பெயர் இருக்கும், இந்துக்கள் வீட்டிலும். இதற்கெல்லாம் நான் பார்க்கிற புத்தகம் ஒன்றே ஒன்றுதான்: வாக்காளர் பட்டியல். தெருவாரியாக, வீட்டு எண்ணோடு, வயதோடு, அப்பா பெயரோ கணவர் பெயரோ பக்கத்தில் போட்டு இருக்கும். நாலு பக்கம் புரட்டினால் ஒரு தெருவே எழுந்து வரும். அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், ஆள் உயிரோடு இருப்பார், கதையையும் படித்துவிடுவார். ஒரு வீட்டுப் பெயரையும் இன்னொரு வீட்டு இனிஷியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்த்திக்கை இரண்டு வருடம் லீவில் அனுப்புங்கள். அவன் இல்லாமல் எழுத வரவில்லை என்றால், அவன் யார் என்று ஒரு கதை எழுதி எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.